தூத்துக்குடியில் விடியல், முட்டத்தில் அந்தி: இருவருக்கு ஒரு மூன்று நாள் கடலோரப் பயணம்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் இருக்கும் கணவன், மனைவி. சொந்தக் கார். கையில் மூன்று நாள். அவருக்குப் படம் எடுக்க வேண்டும், இவருக்கு நல்ல மீன் சாப்பாடு வேண்டும். சென்னை–புதுச்சேரி கிழக்குக் கடற்கரைச் சாலை பார்த்துச் சலித்துவிட்டது, ராமேஸ்வரம், தனுஷ்கோடியும் ஆயிற்று. "பேசாமல் கன்னியாகுமரிக்குப் போய்விடலாமா, இல்லை வேறு ஏதாவது உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கன்னியாகுமரிப் பக்கமே போங்கள். ஆனால் திருநெல்வேலி வழியாக நான்கு வழிச் சாலையில் ஒரே மூச்சில் போய் இறங்காதீர்கள். தூத்துக்குடியில் தொடங்கி திருச்செந்தூர், மணப்பாடு, உவரி வழியாகக் கடலோரமாகவே இறங்கி, குமரியைத் தாண்டி முட்டத்தில் முடியுங்கள். தூத்துக்குடியிலிருந்து குமரி வரை இந்தச் சாலையில் சுமார் 140 கி.மீ., அங்கிருந்து முட்டம் இன்னொரு 30 கி.மீ. சொச்சம். மூன்று நாளில் கடலோரத்தில் ஓட்டுவது மொத்தமே நூற்றெழுபது கிலோமீட்டர் சொச்சம்தான். மற்ற நேரமெல்லாம் உங்களுடையது.

வடக்கிலிருந்து தெற்காகப் போகச் சொல்வதற்குக் காரணம் வெளிச்சம். தூத்துக்குடி முதல் குமரி வரை கடல் கிழக்கிலும் தென்கிழக்கிலும் இருக்கிறது. சூரியன் கடலில் உதிக்கும், ஊருக்குப் பின்னால் மறையும். குமரி முனையைத் திரும்பியதும் கடல் தென்மேற்குக்கு வந்துவிடும். அங்கே அஸ்தமனம்தான் கடலில். அதனால் முதல் இரண்டு விடியலைக் கிழக்குக் கரையில் எடுத்துக்கொண்டு கடைசி அந்தியை மேற்குக் கரைக்கு வைத்துக்கொண்டால் ஒரே பயணத்தில் இரண்டும் கிடைக்கும். இதைத் தலைகீழாகப் போட்டால் தினமும் காலையிலும் மாலையிலும் தப்பான கரையில் நின்றுகொண்டிருப்பீர்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏமாந்துவிடக் கூடாது. "கடற்கரைச் சாலை" என்று பெயர்தானே தவிர, இந்தச் சாலையில் பெரும்பாலான தூரம் கடல் கண்ணில் படாது. உப்பளம், வாழைத்தோப்பு, உடைமரக் காடு, பனங்காடு இவைதான் ஓடிவரும். கடல் வேண்டுமென்றால் இடதுபக்கம் ஊருக்குள் திரும்ப வேண்டும். எந்த ஊரில் திரும்புவது என்பதுதான் இந்தப் பதிலே.

எப்போது போவது? என்னைக் கேட்டால் பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை. உப்பு வாரத் தொடங்கியிருப்பார்கள், பதநீர் இறங்க ஆரம்பித்திருக்கும், காற்று இன்னும் பேயாட்டம் ஆடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மேற்குக் கரையில் அது ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. குமரி மாவட்டத்தில் இரண்டு கரையும் இருப்பதால் அங்கே இரண்டு தடையும் உண்டு. அந்த நாட்களிலும் நாட்டுப்படகு மீன் வரும், ஆனால் வகை குறைவு, விலை அதிகம். மீனுக்காகவே போகிறவர்கள் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குக் காற்றில் தேரி (செம்மணல் மேடு) மணல் பறந்து முகத்தில் அறையும், கேமரா முக்காலி நிற்காது. டிசம்பர், ஜனவரியில் வானம் அழகாக இருக்கும், பனங்கிழங்கு கிடைக்கும், ஆனால் மழை நீர் நின்ற உப்பளங்களில் வேலை ஓய்ந்திருக்கும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இந்தக் கரையின் மீனவ ஊர்களில் பெரும்பாலானவை கத்தோலிக்க ஊர்கள். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள். அதனால் ஞாயிறு மதியம் உங்கள் இலையில் விழுவது சனிக்கிழமை மீன். வியாழன், வெள்ளி, சனி என்று வைத்துக்கொள்ள முடிந்தால் வையுங்கள். முடியாது, வார இறுதிதான் லீவு என்றால், சனிக்கிழமை மதியச் சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள். ஞாயிறு காலையில் படகுகள் எல்லாம் மணலில் வரிசையாக ஏற்றிக் கிடக்கும். சாப்பாட்டுக்கு நஷ்டம், கேமராவுக்கு லாபம்.

சரி, முதல் நாள். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இரண்டரை மணி நேரம் போதும். காலையில் அடித்துப் பிடித்துக் கிளம்ப வேண்டியதில்லை; மதியம் இரண்டு மணிவாக்கில் அறையில் பையை வைத்துவிட்டு, நாலு மணிக்கு உப்பளத்துக்குப் போனால் சரியாக இருக்கும். நாட்டில் குஜராத்துக்கு அடுத்து அதிகமாக உப்பு விளைவது இங்கேதான். ஊருக்கு வடக்கிலும் தெற்கிலும் சாலையின் இரு புறமும் பாத்தி பாத்தியாகக் கிடக்கும். திருச்செந்தூர்ச் சாலையில் முள்ளக்காடு, பழையகாயல் பக்கம் போனால் வண்டியை ஓரம் கட்ட இடமிருக்கும்.

உப்பளத்தைப் படம் எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளை வெளேர் என்று இருக்கும் உப்பு அம்பாரம் படத்தில் அழுக்கு மூட்டையாக வந்து நிற்பது அதனால்தான். எக்ஸ்போஷரை ஒன்று, ஒன்றேகால் ஸ்டாப் கூட்டி வையுங்கள். வெள்ளைப் பகுதி வெந்துபோகிறதா என்று, வெளிச்ச அளவை வரைபடமாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். செல்போன் என்றால் உப்பின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தை மேலே இழுங்கள். சூரியன் இறங்கிய பிறகு உடனே கிளம்பிவிடாதீர்கள். அதற்குப் பிந்திய இருபது நிமிடம்தான் பாத்தி நீரில் வானம் முழுசாக இறங்கியிருக்கும் நேரம். செறிவு ஏறிய பாத்திகளில் தண்ணீர் இளஞ்சிவப்பாகவும் இருக்கும். உவரில் வாழும் பாசியும் நுண்ணுயிரும் தரும் நிறம் அது. குளிர்காலத்தில் போனால் பூநாரைகளும் இறங்கியிருக்கக் கூடும்.

அளத்து வேலை விடிவதற்கு முன்பே தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். மாலையில் ஆட்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். நீண்ட கழியில் கோத்த பலகையால் உப்பை இழுத்து வரப்பில் ஒதுக்கும் வேலை பார்க்க வேண்டுமென்றால் அதிகாலையில் வர வேண்டும். வந்தால், முதலில் கேமராவைக் காரிலேயே வைத்துவிட்டுப் போய்ப் பேசுங்கள். வெறுங்காலோடு அந்தக் கார நீரில் நிற்கிறவர்களைத் தூரத்திலிருந்து டெலி லென்ஸால் 'பிடிப்பது' எனக்கு ஒப்புவதில்லை. "அண்ணாச்சி, ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பாத்தி வரப்பில் ஏறி நடக்காதீர்கள். மிதித்து உடைந்தால் அது ஒருவருடைய உழைப்பு.

அன்று இரவு பரோட்டா. தூத்துக்குடியில் 'நைட் கிளப்' என்று பலகை பார்த்தால் மனைவியிடம் பதற்றப்பட வேண்டாம், இங்கே பரோட்டாக் கடைக்குத்தான் அந்தப் பெயர். சாயங்காலம் கல் காய்ந்தால் நள்ளிரவுக்குப் பக்கத்தில்தான் அணையும். கல்லின் நடுப்பள்ளத்தில் எண்ணெய் விட்டு அதில் பரோட்டாவை மிதக்கவிட்டுப் பொரித்தெடுப்பார்கள். வெளியே நொறுங்கும், உள்ளே சால்னா ஊற இடமிருக்கும். ஆளுக்கு இரண்டு, கூட ஒரு கோழி வறுவல், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மறுநாள் விடியற்காலை எழுந்தாக வேண்டும்.

இரண்டாம் நாள் விடியலுக்குத் திரேஸ்புரம். நாட்டுப்படகுகளின் கரை இது. பிப்ரவரி, மார்ச்சில் சூரியன் ஆறரை மணிவாக்கில் எழும்பும், ஆறுக்கே போய்விடுங்கள். படகுகள் ஒவ்வொன்றாக வந்து ஒதுங்க ஒதுங்க ஏலம் நடக்கும். இங்கே படம் எடுப்பவருக்குச் சொல்ல ஒன்றே ஒன்று: அகல லென்ஸ் போட்டு நடுவில் போய் நிற்காதீர்கள். கூடை தூக்கி ஓடுகிறவர்களின் வழியில் நிற்பது அவர்களுக்கும் தொந்தரவு, உங்களுக்கும் இடி. கொஞ்சம் ஒதுங்கி, சூரியனைப் படகுக்குப் பின்னால் வைத்து, ஆட்களை நிழலுருவமாக எடுங்கள். மனைவிக்கு இது மீன் பாடம். வஞ்சிரத்தை இங்கே சீலா என்பார்கள். ஊளி, விளைமீன், பாறை, சாளை, கணவாய் எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். காலையில் இங்கே எதைக் கண்டீர்களோ அதையே மதியம் கடையில் கேளுங்கள். "ஸ்பெஷல் என்ன?" என்று கேட்பதைவிட "இன்னைக்கு விளைமீன் வந்திருக்கா?" என்று கேட்டால் கிடைக்கும் மரியாதையே வேறு.

திரும்பும் வழியில் பனிமய மாதா பேராலயம். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழும்பிய ஆலயம் இது. 1982-இல் பசிலிக்கா ஆனது. ஆகஸ்ட் 5-ல் முடியும் திருவிழா நாட்களில் வேறு காரணத்துக்காக வரலாம். அப்போது அறை கிடைக்காது, சாலையும் கிடைக்காது. காலை ஏழரை வெயிலில் வெளிச்சுவரின் வெண்மையும் நீலமும் நன்றாக வரும். உள்ளே பூசை நடந்தால் கேமரா பைக்குள் இருக்கட்டும்.

அப்புறம் மக்ரூன். முட்டை வெள்ளைக் கரு, சர்க்கரை, முந்திரி, இந்த மூன்றுதான். ஐரோப்பியர் பாதாமில் செய்ததை இங்கே முந்திரியில் செய்தார்கள். வெள்ளைக் கருவை நுரை கெட்டியாக நிற்கும் வரை அடித்து, சர்க்கரை சேர்த்து, முந்திரித் தூளை நுரை அமுங்காமல் கலந்து, தட்டில் கூம்பு கூம்பாகப் பிழிந்து இளஞ்சூட்டில் நிதானமாகக் காயவைப்பார்கள். நல்ல மக்ரூனைக் கடித்தால் மேல்தோடு 'சுர்' என்று உடைந்து, நடுவில் முந்திரி லேசாகப் பல்லில் தட்டி, மிச்சம் நாக்கிலேயே கரைந்துவிடும். பல்லில் ஒட்டி இழுத்தால் ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம், வாங்காதீர்கள். வீட்டுக்கு வாங்குவதாக இருந்தால் காற்றுப் புகாத டப்பா கொண்டுபோங்கள். கடற்காற்றில் ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் கதை முடிந்தது.

ஒன்பதரைக்குள் ஊரை விட்டுக் கிளம்பிவிடலாம். திருச்செந்தூர் 40 கி.மீ. வழியில் தாமிரபரணியைக் கடக்கும்போது ஆத்தூர் வரும். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடிக்கால்களைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். உள்ளே போய் எடுக்க வேண்டுமென்றால் சொந்தக்காரரைக் கேளுங்கள். கொடிக்காலுக்குள் நடு மதியத்திலும் பச்சை நிழல் விழும், வெயில் நேரத்தில் படமெடுக்கத் தோதான அபூர்வ இடம்.

மதியச் சாப்பாட்டுக்குக் காயல்பட்டினத்தைச் சொல்வேன். இங்கே மட்டும் மீனை மறந்துவிடுங்கள். பழைய முஸ்லிம் வணிகர் ஊர். கல்யாண வீட்டுக் களறிச் சாப்பாடு இந்த ஊரின் பெருமை. ஆட்டுக்கறியும் நெய்ச்சோறும் கத்திரிக்காயும் சேர்ந்தால் வேறொன்றும் வேண்டாம். கல்யாணம் இல்லாத நாளிலும் சில கடைகளில் செய்கிறார்கள், முன்னதாகப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டு போவது உத்தமம். இங்கே ஒரு ஒழுங்கு முக்கியம். வீடுகளுக்கு இடையே ஓடும் குறுகிய முடுக்குகள் பெண்கள் புழங்கும் வழி. படத்துக்கு அழகாகத்தான் இருக்கும், கேமராவோடு நுழையாதீர்கள்.

திருச்செந்தூரில் அறை எடுத்து, மூன்று மணி வரை படுத்துவிடுங்கள். இந்த ஓய்வு பயணத் திட்டத்தின் ஒரு பகுதிதான், சோம்பேறித்தனம் இல்லை. விடியலும் அந்தியும் கேமராவுக்கு என்றால் நடுப்பகல் வயிற்றுக்கும் தூக்கத்துக்கும். இதைச் சரியாகப் பிரித்துக்கொள்ளாத தம்பதிகள்தான் மூன்றாம் நாள் காரில் பேசாமல் வருவார்கள். கோயிலுக்குப் போக விரும்பினால் மறக்காதீர்கள்: 2022-இல் வந்த நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு உள்ளே செல்போனுக்குத் தடை. கடலோரத்தில் நின்று கோபுரத்தை எடுப்பதற்கு யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கந்த சஷ்டி, வைகாசி விசாகம், தைப்பூசம் ஆகிய நாட்களில் இந்தப் பக்கமே வண்டியைத் திருப்ப வேண்டாம். தை, மாசியில் இரவில் ஓட்டுவதாக இருந்தால் சாலையோரம் பாதயாத்திரைக்காரர்கள் சாரிசாரியாக நடப்பார்கள், வேகத்தைக் குறையுங்கள். திருச்செந்தூரில் சைவச் சாப்பாடுதான் நன்றாக இருக்கும். மீனைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மூன்றரைக்குத் தேரி. திருச்செந்தூருக்கு மேற்கே காயாமொழி பக்கம் குதிரைமொழித் தேரி விரிந்து கிடக்கிறது. இரும்பு ஆக்சைடு பூசிய மணல். செங்கல் பொடியைக் கொட்டி வைத்த மாதிரிச் சிவப்பு. காற்று கொண்டுவந்து சேர்த்த மேடுகள், நடுநடுவே பனையும் முந்திரியும் உடையும். தமிழ்நாட்டில் இப்படி ஒரு நிலம் இருப்பதே பலருக்குத் தெரியாது. இந்தப் பயணத்தில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் கடலை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன்.

இங்கே கேமரா நிறத்தைத் தானே சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் எதிரி. படம் முழுக்கச் சிவப்பைப் பார்த்ததும் 'ஏதோ தப்பு' என்று நினைத்து நீலத்தைக் கூட்டிவிடும். மணல் மங்கிய பழுப்பாகிவிடும். ஒயிட் பேலன்ஸை வெயில் குறியீட்டில் பூட்டிவிடுங்கள், ரா ஃபார்மட்டில் எடுங்கள். நாலரைக்கு மேல் வெயில் சரிந்ததும் மணலில் காற்று போட்ட வரிகள் ஒவ்வொன்றும் நிழலோடு எழுந்து நிற்கும். அப்போது தாழ உட்கார்ந்து எடுங்கள். லென்ஸை இங்கே மட்டும் மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு மாற்றுங்கள். அந்த மணல் மாவு மாதிரி நுண்ணியது. வண்டியையும் தார்ச் சாலையை விட்டு இறக்க வேண்டாம், சக்கரம் புதைந்தால் டிராக்டர்தான் கதி. காப்புக்காட்டுப் பகுதிகளும் இருப்பதால் உள்ளே வெகுதூரம் போக வேண்டியதும் இல்லை. அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் பக்கம் போனால் அந்தச் செம்மண் பாலைக்கு நடுவில் ஒரு சுனையும் மரக்கூட்டமும் இருப்பதைப் பார்க்கலாம். மனைவிக்கு அந்த நிழலே பிடித்துப்போகும்.

பனை இருக்கும் இடத்தில் பதநீர் இருக்கும். ஆனால் அது காலைச் சமாச்சாரம். வெயில் ஏற ஏறச் சுவை மாறிவிடும். மறுநாள் காலை சாலையோரம் கலயத்தோடு உட்கார்ந்திருப்பவரிடம் பனையோலைப் பட்டையில் வாங்கி, நொங்கு சீவிப் போட்டுக் குடியுங்கள். கருப்பட்டி வாங்குவதானால் உடன்குடியில் வாங்குங்கள், வழியில்தான் வருகிறது. உடைத்தால் உள்ளே ஒரே நிறமாகப் பளபளவென்று கண்ணாடி மாதிரி மின்னினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும், சீனி கலந்திருக்கலாம். சுக்கும் ஏலமும் போட்ட சில்லுக் கருப்பட்டி கொஞ்சம் காரில் இருக்கட்டும்.

மூன்றாம் நாள் விடியல் மணப்பாட்டுக்கு. திருச்செந்தூரிலிருந்து 18 கி.மீ. அளவு, அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மணற்குன்று, அதன் உச்சியில் திருச்சிலுவை ஆலயம், பக்கத்தில் கலங்கரை விளக்கம். குன்றின் கடலோர முகத்தில் ஒரு குகை. 1542-இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கிய இடம் என்பார்கள். உள்ளே கடலை ஒட்டியே நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றும் உண்டு. குன்றில் ஏறினால் ஒரு புறம் திறந்த கடல், மறுபுறம் மணல் திட்டு அடைத்த அமைதியான உப்பங்கழி, நடுவில் பழைய வீடுகளும் ஆலயக் கோபுரங்களுமாக ஊர். காலைச் சூரியன் கடலில் எழும்போது ஆலயத்தைப் பின்னால் வைத்து எடுப்பவர்கள்தான் அதிகம். நீங்கள் கீழே இறங்கி, உப்பங்கழிப் பக்கம் போய், குன்றும் ஆலயமும் தண்ணீரில் தெரியும்படி எடுத்துப் பாருங்கள். காற்று எழுவதற்கு முன்னால் ஆறரையிலிருந்து ஏழேகால் வரைதான் அந்தக் கண்ணாடி. அலைச்சறுக்குக்காரர்கள் இந்த ஊரைக் கண்டுபிடித்து நாளாயிற்று. அவர்கள் காற்றுக்காகக் காத்திருப்பார்கள், நீங்கள் காற்று இல்லாத நேரத்துக்காக.

ஒரு முக்கியமான சின்னக் குறிப்பு. இரவெல்லாம் ஏ.சி. அறையில் இருந்த கேமராவைக் கடற்காற்றில் வெளியே எடுத்ததும் லென்ஸ் பனி படர்ந்து வெளுத்துவிடும். துடைக்கத் துடைக்க மறுபடியும் படரும், அதற்குள் சூரியன் மேலே போய்விடும். கிளம்பும்போதே காரில் ஏ.சி.யை அணைத்து, ஜன்னலை இறக்கி, பையைத் திறந்து வைத்துக்கொண்டு போங்கள். ஊர் போய்ச் சேருவதற்குள் கேமரா வெளிச்சூட்டுக்கு வந்துவிடும். திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முக்காலியையும் கேமரா உடலையும் துடைத்துவிடுங்கள், உப்பு சும்மா விடாது.

டிரோன் கேட்டிருந்தீர்கள். வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024-இல் அடிக்கல் நாட்டினார்கள். தெற்கே போனால் கூடங்குளம் அணுமின் நிலையம். இந்த இரண்டுக்கும் நடுவில் டிரோனைப் பறக்கவிட்டு, வந்து விசாரிப்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க மூன்று நாள் போதாது. கூடங்குளத்தைத் தாண்டும்போது சாதாரணக் கேமராவையும் வெளியே நீட்டாதீர்கள்.

மணப்பாட்டிலிருந்து பெரியதாழை வழியாக உவரி. கப்பல் வடிவில் கட்டிய மாதா ஆலயம், அதன் மேல் ஒரு ஆகாய விமான உருவம்; படத்தில் பார்த்தால் யாரோ ஒட்டுப்போட்டது போலத்தான் இருக்கும், நேரில் நம்பித்தான் ஆக வேண்டும். கொஞ்ச தூரத்தில் கடற்கரையிலேயே சுயம்புலிங்க சுவாமி கோயில். நேர்ந்துகொண்டவர்கள் கடலில் நனைந்து, ஈர உடையோடு ஓலைப்பெட்டியில் கடல் மண்ணை அள்ளித் தலையில் சுமந்துவந்து கரையில் கொட்டுவார்கள். பெட்டி இடுக்கில் ஒழுகும் தண்ணீர் முதுகில் கோடாக இறங்கும். அடுத்த நடைக்கு மறுபடியும் கடலுக்கே போவார்கள். இதைப் படம் எடுக்க ஆசை வரும். முகம் தெரியாமல், பின்னாலிருந்து, ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பதினொரு மணிக்கு மேல் காற்றாலைக் காடுகளின் வழியாகக் குமரி மாவட்டத்துக்குள் நுழைவீர்கள். இங்கே என் அபிப்பிராயம் சிலருக்குக் கோபம் வரவழைக்கும்: கன்னியாகுமரி ஊருக்குள் இறங்காமலே போய்விடலாம். விவேகானந்தர் பாறையும் 133 அடி வள்ளுவர் சிலையும், 2024 கடைசியில் இரண்டையும் இணைத்துத் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலமும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் படகு வரிசையில் அரை நாள் போய்விடும், அந்த அரை நாள் உங்களிடம் இல்லை. இன்னொன்று, கோடையில் குமரியில் சூரியன் கடலில் மறையாது, வடக்கே ஒதுங்கிக் கரைப்பக்கம்தான் இறங்கும். அதற்குப் பதிலாக ஊருக்கு முன்னாலேயே வட்டக்கோட்டை. குளச்சல் போரில் 1741-இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய், பிறகு அவருக்கே தளபதியாகிப் பலப்படுத்திய கோட்டை. மேலே நின்றால் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசி முடிச்சுகள். அரை மணி நேரம் போதும்.

மதியம் நாகர்கோவில் பக்கம் மீன் சாப்பாடு, இந்தப் பயணத்தின் பெரிய சாப்பாடு இதுதான். தூத்துக்குடிக் குழம்பில் புளி முன்னால் நிற்கும், இங்கே தேங்காய். தேங்காயும் சின்ன வெங்காயமும் மிளகாயும் மல்லியும் விழுதாக அரைத்து, புளிக்குப் பதில் சில சமயம் மாங்காய்த் துண்டு போட்டு, கடைசியில் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும். தடித்த புழுங்கலரிசிச் சோறு. அதைவிட மேல், வேகவைத்து மசித்த மரச்சீனிக் கிழங்கு. கிழங்கில் ஒரு குழி பறித்து அதில் சாளைக் குழம்பை ஊற்றி, மீனின் முள்ளை விரலால் நீவி எடுத்துவிட்டுச் சேர்த்துப் பிசைந்து சாப்பிட வேண்டும். நெத்தலி அவியல் இருந்தால் ஒரு தட்டு கூடுதலாகச் சொல்லுங்கள். பலகை பெரிதாக இருக்கும் கடையைவிட, பன்னிரண்டரைக்குத் திறந்து இரண்டரைக்கு 'தீர்ந்துபோச்சு' என்று சொல்லும் சின்னக் கடையைத் தேடுங்கள். சாயங்காலம் பசித்தால் ரசவடை.

நாலரைக்குக் கிளம்பி முட்டம். மணக்குடி, ராஜாக்கமங்கலம் வழியாகக் கடலோரமாகவே போகலாம். தென்னையும் காயலும் துணை வரும். முட்டத்தில் பாறைகள் கடலுக்குள் இறங்கிக் கிடக்கும், மேலே கலங்கரை விளக்கம். கரை இங்கே தென்மேற்கைப் பார்த்துத் திரும்பியிருப்பதால் எந்த மாதமும் சூரியன் கடல் பக்கம்தான் இறங்கும். முக்காலி, மெதுவான ஷட்டர், ஒரு நொடியிலிருந்து இரண்டு நொடி; அலை பாறையைத் தழுவி இறங்கும் வரியெல்லாம் படத்தில் வந்துவிடும். முப்பது நொடி வைத்துக் கடலைப் புகையாக்குவது எனக்குப் பிடிக்காது, உங்கள் விருப்பம். ஈரமாகக் கறுத்துத் தெரியும் பாறையில் மட்டும் கால் வைக்காதீர்கள். அலை அங்கே வரை வருகிறது என்பதற்கு அதுவே சாட்சி. இந்தப் பாறைகளில் செல்ஃபிக்காக உயிரை விட்டவர்கள் உண்டு. நீங்கள் வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்திருக்கும்போது அலையைப் பார்த்துக்கொள்ளும் வேலையை மனைவியிடம் கொடுங்கள்.

அன்றிரவே மதுரை திரும்ப முடியும். நாகர்கோவிலிலிருந்து நான்கு வழிச் சாலையில் சுமார் 240 கி.மீ. ஆனால் நாலரை மணிக்கு எழுந்தவர் இரவு பதினொன்றுக்கு ஓட்டுவது சரியில்லை. நாகர்கோவிலில் தங்கிவிட்டு, காலையில் மட்டிப்பழம் ஒரு சீப்பும், கண் முன்னால் தேங்காயெண்ணெயில் பொரித்துத் தரும் நேந்திரங்காய் சிப்ஸும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். மட்டியைக் கொஞ்சம் காயாகவே கேளுங்கள். பழுத்ததை வாங்கினால் திருநெல்வேலி தாண்டுவதற்குள் காரிலேயே சாப்பிட்டு முடிக்க வேண்டியிருக்கும்.